அத்தானை ‘சார்’ என்று கூப்பிட்ட வருடம்

ஜூன் 5

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு திரும்பக் கூப்பிடக் கை வரவில்லை. போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் ‘ம்’ மட்டும்தான் சொல்வேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ நடுவில் புக முடியாது.

விஷயம் நீ கத்துகிற அளவுக்குப் பெரியது இல்லை. அடுத்த மாதம் நான் வேலை பார்க்கும் அபார்ட்மென்ட் சங்கத்தின் பொதுக்கூட்டம். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று வீட்டுக்காரர்கள் முடிவு செய்வார்கள். அதற்கு முன் நான் எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லப் போகிறேன். லிஃப்ட் பார்க்கிறவர் என் அக்கா வீட்டுக்காரர். அவ்வளவுதான்.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்கே தெரியும். பழைய லிஃப்ட் கம்பெனி விட்டுப் போனபோது சங்கத் தலைவர் என்னை மூன்று பேரிடம் விலை கேட்கச் சொன்னார். இரண்டு கம்பெனிகள் அனுப்பின. மூன்றாவதாக யாரும் கிடைக்காமல் அத்தானைக் கேட்டேன். அவருடையதுதான் குறைந்த விலை. தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “ஆள் தெரிஞ்சவராம்மா?” என்று கேட்டார். “நல்லா வேலை செய்வார் சார்” என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். நான் மேனேஜராகச் சேர்ந்த புதிது. கையெழுத்துப் போடுகிற மனிதரை நிறுத்தி, “சார், ஒரு நிமிஷம்” என்று சொல்ல வாய் வரவில்லை.

அத்தான் முதல் தடவை வந்தபோதும் தலைவர் என் அறையில்தான் இருந்தார். “வாங்க சார்” என்றேன். அத்தான் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, “குட் மார்னிங் மேடம்” என்றார். அதற்கப்புறம் மாற்ற முடியவில்லை. பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சார், மேடம். மோட்டார் அறைச் சாவியைக் கொடுத்தால் “தேங்க்ஸ் மேடம்” என்கிறார். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர், அக்கா.

இப்போது தரைத்தள வக்கீல் கவனித்துவிட்டார். அவர் லிஃப்டில் ஏறுகிறவரே இல்லை. ஏறாத லிஃப்டுக்கு எதற்குச் செலவில் பங்கு என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பவர். போன வாரம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் என் அறை வாசலில் நின்று, “ஏம்மா, நான் வந்தா உக்காந்தே பேசுற. அந்த மெக்கானிக் வந்தா மட்டும் எந்திரிச்சு நிக்கிற. அப்படி என்ன பயம் அவர்கிட்ட?” என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகுதான் பார்த்தேன், நான் இன்னும் நின்றுகொண்டே இருந்தேன்.

அவர் கண்டுபிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். அத்தான் வேலையில் ஒரு குறையும் இல்லை. குறை இல்லாதபோது சொல்வதுதானே சுலபம்? அத்தானிடம் நீயே சொல்லிவிடு. அவரிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்பதே எனக்கு மறந்துவிட்டது.

உன்
பூனை


ஜூன் 10

பூனைக்கு,

கடிதத்தில் நடுவில் புக முடியாதாம். எனக்கும் எழுதத் தெரியும். எட்டாவதோடு நின்றாலும் எழுத்து மறந்துவிடவில்லை.

சுலபம் என்று எழுதியிருக்கிறாய். யாருக்குச் சுலபம்? நீ எழுந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாய். அதற்கப்புறம் வேலைக்கு அலையப் போகிறவர் இவர். உன் கட்டடத்தையும் சேர்த்து மூன்றே மூன்று கட்டடம்தான் இவர் கையில். சங்கத் தலைவர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமலா இருப்பார்கள்? மச்சினியை உள்ளே வைத்துக்கொண்டு ஒப்பந்தம் வாங்கினவன் என்று ஒரு வாய் சொன்னால் போதும். கம்பெனி வேலையை விட்டுத் தனியாகத் தொழில் செய்கிறேன் என்று இவர் கிளம்பியபோது நான் என்ன பாடுபட்டேன் என்று நீ கூட இருந்து பார்த்தவள்.

முதலில் இவர் உன்னிடம் வந்து வேலை கேட்டாரா? “அத்தான், ஒரு விலை மட்டும் அனுப்புங்க, மூணாவது ஆள் கிடைக்கல” என்று கெஞ்சியது யார்? நீ சொல்லாமல் விட்டதற்கு இவர் எதற்குத் தலைகுனிய வேண்டும்? உன் கட்டடத்துக்கு வந்துவிட்டு வீடு திரும்புகிற நாளெல்லாம் இவர் முகமே சரியாக இருப்பதில்லை. “என்ன ஆச்சு?” என்று கேட்டால், “மேடம் நல்லா இருக்காங்க” என்கிறார். இது என்ன பேச்சு?

உனக்காக இவர் என்ன செய்திருக்கிறார் என்று உனக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்றார். நான் சொல்கிறேன். அந்த லிஃப்டின் கம்பிக் கயிறு நைந்துவிட்டது. இழை இழையாக விட்டுக்கொண்டிருக்கிறதாம். மாற்ற வேண்டும் என்று வருட ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். உன்னிடம் இல்லை, என்னிடம். “அப்ப அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே?” என்று கேட்டேன். “பெரிய செலவு. நான் சொல்லி, அவ போய்க் கையெழுத்து வாங்கி, நாளைக்கு உறவுன்னு தெரிஞ்சா ரெண்டு பேரும் சேந்து சாப்பிட்டாங்கன்னுதான் பேசுவாங்க. அவ தலைதான் உருளும். கொஞ்ச நாள் ஓட்டுவோம்” என்றார். வேறு மெக்கானிக்காக இருந்தால் முதல் மாதமே பில் போட்டிருப்பான். உன் பேர் கெடக்கூடாது என்று வருகிற வருமானத்தை வேண்டாம் என்றவரைத்தான் நீ கூட்டத்தில் நிறுத்தப் பார்க்கிறாய்.

கூட்டத்தில் வாயைத் திறக்காதே. உனக்கு அது புதிதா என்ன?

அக்கா


ஜூன் 14

அக்கா,

உன் கடிதத்தை மதியம் சாப்பிடும்போது பிரித்தேன். கயிறு பற்றிய இடம் வந்ததும் கைகூடக் கழுவாமல் எழுந்தேன். லிஃப்டுக்குள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, படியேறிப் போய், மோட்டார் அறையைத் திறந்து மெயினை அணைத்துவிட்டேன். கீழே வந்து ‘லிஃப்ட் இயங்காது’ என்று எழுதி ஒட்டினேன். சாவி என் பையில் இருக்கிறது. தூங்கும்போதும் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன்.

எனக்காகச் செய்தார் என்கிறாய். நான் செய்ததையும் கேள். ஜனவரியில் ஒருநாள் அத்தான் என் மேசைக்கு எதிரே நின்று, “மேடம், ரோப் விஷயமா கொஞ்சம் பேசணும்” என்றார். தலைவர் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேச வேண்டும் என்றால் செலவு என்று எனக்குப் புரிந்தது. அத்தானுக்குப் போகிற ஒரு பெரிய தொகையை நானே தலைவர் முன் வைக்க வேண்டுமே என்று கூசியது. “அப்புறம் பாக்கலாம் சார்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அப்புறம் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் இருவரில் ஒருவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் அந்தக் கயிறு எப்போதோ மாறியிருக்கும்.

ஐந்தாம் மாடியில் ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார் ஒருவர் இருக்கிறார். சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் சில நாள் டயாலிசிஸுக்குப் போய் வர வேண்டும். ஜனவரியிலிருந்து அவர் அந்த லிஃப்டில்தான் இறங்கி ஏறினார். நேற்று அவரை நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் படியில் இறக்கினார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில், “என்னை சுவர்ல சாத்தி வெச்சிட்டு மூச்சு வாங்கிக்கங்கப்பா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்” என்றார். தூக்கியவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி மருந்துப் பையோடு பின்னால் வந்தார். அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

லிஃப்டை நிறுத்திய அன்றே தலைவர் என் அறைக்கு வந்துவிட்டார்.

“யாரைக் கேட்டு நிறுத்தினே?”

“கயிறு சரியில்ல சார்.”

“மெக்கானிக் எழுதிக் குடுத்தானா?”

“இல்ல சார்.”

“அப்ப உனக்கு எப்படித் தெரியும்? கனவுல வந்துச்சா?”

அவர் குரலைத் தாழ்த்தி, “கயிறுன்னு ஆரம்பிச்சா ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு போடணும். மூணு மாசம் போகட்டும்மா. ஓடிட்டுத்தானே இருந்துச்சு, போட்டு விடு” என்றார்.

மூன்று மாதம் ஏன் என்று எனக்குத் தெரியும். அவருக்கு இங்கே இரண்டு வீடுகள். இரண்டையும் விற்கப் பார்க்கிறார். வீட்டைக் காட்டச் சாவி வாங்குவதற்குத் தரகர் என்னிடம்தான் வருகிறார். பங்கு விழுவதற்குள் விற்றுவிட்டால் அவருக்கு லாபம். ஆனால் அவரைக் கேட்க எனக்கு எந்த முகம் இருக்கிறது? அவர் தன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். நான் என் வீட்டைப் பார்த்துக்கொண்டேன்.

நான் லிஃப்டைப் போடவில்லை. வேறொரு கம்பெனியை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மாத முடிவிலேயே அவசரக் கூட்டம். அங்கே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அத்தானிடம் இதை எப்படியாவது சொல்.

பூனை


ஜூன் 18

பூனைக்கு,

உன் கடிதத்தை இவர் படித்துவிட்டார். நானே கொடுத்தேன். படித்துவிட்டு நெடுநேரம் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“நிறுத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார். “நாலு கயிறு இருக்கு. ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும். பிரேக் இருக்கு. ஒண்ணும் ஆகியிருக்காது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நான் எதுவும் கேட்காமலே, “இருந்தாலும் ஓட்டியிருக்கக் கூடாது” என்றார்.

இன்று காலை ஒரு முடிவோடு எழுந்தார். புதுக் கயிறு வாங்கிக்கொண்டு சனிக்கிழமை உன் கட்டடத்துக்கு வருகிறார். கூட வேலை பார்த்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து அவரே மாற்றிவிடுவார். பில் கிடையாது. செலவை நாங்கள் எப்படியோ புரட்டிக்கொள்கிறோம். கயிறு மாறிவிட்டால் லிஃப்ட் ஓடும், அந்த வாத்தியாரும் ஆஸ்பத்திரி போவார், யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். கூட்டத்தில் நீ சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

நான் அந்த விஷயத்தை எழுதியிருக்கவே கூடாது. கோபத்தில் எழுதிவிட்டேன். அதற்காகவாவது நான் சொல்வதைக் கேள். நீ எதுவும் செய்ய வேண்டாம். கதவை மட்டும் திறந்து விடு.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை நடந்ததை அத்தான் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அவரும் என்னைப் போலத்தான்.

கயிற்றுச் சுருளோடு வண்டி வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. அத்தான் இறங்கி வந்து, “மேடம், சாவி” என்றார். சுற்றிலும் யாரும் இல்லை.

“அத்தான்” என்றேன். என் குரலே எனக்கு விநோதமாக இருந்தது.

அவர் கேட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு, “இப்ப மாத்திட்டா யாருக்கும் தெரியாதும்மா” என்றார்.

“அதுதான் அத்தான் பயமா இருக்கு.”

“பில்லே வேண்டாங்கறேன். அப்புறம் என்ன?”

“பில் வாங்கலைன்னா அதுக்கும் ஒரு காரணம் இருக்குமில்ல. இனிமே கயிறு தேயறப்பல்லாம் உங்களால சொல்ல முடியாது, என்னால கேக்க முடியாது.”

அவர் ஆட்களிடம் கையைக் காட்டினார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றேன். வண்டி போன பிறகாவது அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நகத்தைத்தான் கடித்தேன்.

கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. எல்லோரும் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் நாள் லிஃப்டைப் பார்த்துவிட்டுப் போன புதுக் கம்பெனி ஆளும் வந்திருந்தார். எழுதி வைத்திருந்த தாள் கையில் ஈரமாகிவிட்டது. பார்க்காமலே சொன்னேன்.

“லிஃப்ட் மெக்கானிக் என் அக்கா வீட்டுக்காரர். போன வருஷமே சொல்லியிருக்கணும். சொல்லல.”

“அப்படிப் போடு” என்றார் வக்கீல். “அதான் எந்திரிச்சு நின்னியா?”

“ஆமா சார்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் எழுந்தார். “பாத்தீங்களா? இந்தக் கயிறு கதையே குடும்பமா உக்காந்து கட்டினது. அவ லிஃப்டை நிறுத்துவா, அவர் வந்து கயிறு விப்பாரு.”

புதுக் கம்பெனி ஆள் அவசரமே இல்லாமல் சொன்னார். “கயிறு கதை இல்லைங்க. நான் பாத்தேன். லிஃப்ட் விழுந்திருக்காது. ஆனா ஓட்டியிருக்கவும் கூடாது. மத்தபடி சர்வீஸ் ஒழுங்காத்தான் பண்ணியிருக்காரு. இதை மட்டும் ஏன் விட்டாருன்னுதான் தெரியல.”

ஏன் என்று நான் சொன்னேன். உன் கடிதத்தில் இருந்ததையும், ஜனவரியில் நான் செய்ததையும். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அக்கா. திருடவில்லையே, பயந்துதானே விட்டோம் என்று. அப்போது வாத்தியாரின் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்.

“அப்ப உங்க பேரு கெடக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரை நைஞ்ச கயித்துல தொங்க விட்டீங்க. திருடியிருந்தா பணம்தானேம்மா போயிருக்கும்.”

நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் என் வாயிலிருந்து வந்துவிட்டது. “எனக்கு இதுல என்ன இருக்குன்னு சொல்லிட்டேன். இந்தச் செலவுல வேற யாருக்காவது ஏதாவது இருந்தா, அவங்களும் சொல்லிட்டு ஓட்டுப் போடலாம்.” நான் யாரையும் பார்க்கவில்லை. தரையில் கார் ஒழுக்கிய எண்ணெய்க் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “என் வீடு ரெண்டும் விலை பேசிட்டிருக்கேன். அதுல என்ன தப்பு?” என்றார்.

“விக்கிறது தப்புன்னு யாரும் சொல்லல. இவ்வளவு நேரம் சொல்லாம இருந்தீங்களே” என்றார் வக்கீல். பிறகு அவரே, “சரி, என் பேரையும் எழுதிக்கம்மா. நான் லிஃப்ட்ல ஏறாதவன். எனக்கு எப்பவுமே செலவு பண்ண மனசு வராது” என்றார்.

தலைவர் ஓட்டுப் போடவில்லை. கயிற்றைப் புதுக் கம்பெனி மாற்றும். அத்தானின் ஒப்பந்தம் முடிந்தது. என்னை வைத்துக்கொள்வதா என்பதை அடுத்த கூட்டத்தில் பேசுவார்களாம். அதுவரை நான் கையெழுத்துப் போடுகிற எதிலும் வீட்டுக்காரர்களில் இரண்டு பேரும் சேர்ந்து போட வேண்டும்.

அத்தானைக் கூட்டத்தில் நிறுத்திவிட்டேன் என்று நீ சொல்லலாம். சொல். ஆனால் எதையாவது சொல்.

உன்
பூனை


ஜூலை 13

அக்கா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தினமும் தபால் பெட்டிகளைத் திறந்து பார்ப்பது என் வேலையில் ஒன்று. எல்லார் வீட்டுத் தபாலையும் பிரித்து வைக்கிறேன். மின் கட்டண ரசீது, கல்யாண அழைப்பிதழ், யாருக்கோ பல் ஆஸ்பத்திரி விளம்பரம். என் பெயருக்கு எதுவும் இல்லை. போன் பண்ணினால் எடுப்பாயா என்று தெரியவில்லை. எடுத்தாலும் ‘ம்’ என்றுதான் சொல்வேன்.

புதுக் கயிறு போட்டாகிவிட்டது. முதல் தடவை ஓட்டியபோது கீழே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கதவு திறந்து நின்றது. ஒருவரும் ஏறவில்லை. ஒருவர் செருப்பைச் சரி செய்தார், ஒருவர் போனைப் பார்த்தார். நான் ஏறினேன். கதவு மூடப்போகும்போது வாத்தியாரின் மனைவி கையை வைத்து நிறுத்தி உள்ளே வந்தார். ஐந்தாம் மாடி வரைக்கும் இரண்டு பேரும் மேலே மாறும் எண்ணையே பார்த்துக்கொண்டு போனோம். இறங்கும்போது, “உங்க அக்கா என்ன சொல்றாங்க?” என்று கேட்டார்.

“எழுதலைங்க” என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். கதவு மூடிக்கொண்டது.

பூனை


ஜூலை 21

பூனைக்கு,

எழுதாததற்குக் காரணம் கோபம்தான். வேறு எதையாவது கற்பனை செய்துகொண்டு உட்காராதே.

கூட்டத்தில் நடந்ததை உன் கடிதத்தில் படித்த மறுநாளே இவர் மற்ற இரண்டு கட்டடத்துக்கும் போனார். யார் வாயிலிருந்தாவது வருவதற்குள் தானே சொல்லிவிடுகிறேன் என்றார். நான் போகாதீர்கள் என்றேன். கேட்கவில்லை. ஒரு இடத்தில் உட்கார வைத்து, டீ கொடுத்து, அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் செயலாளர் அம்மா, “எங்க லிஃப்ட்ல எதை விட்டு வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாராம். “இங்க எனக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லைங்க. அதனால எல்லாம் சரியா இருக்கு” என்று சொன்னாராம். அந்த அம்மா சிரித்துவிட்டாராம். அந்தக் கட்டடம் மட்டும் நிற்கிறது.

உன் கட்டடத்துக் கயிற்றை மாற்றிய கம்பெனி இவரை வேலைக்குக் கூப்பிடுகிறது. திரும்ப ஒருத்தனுக்குக் கீழே. அந்தக் கட்டடத்துக்கு மட்டும் என்னை அனுப்பாதீங்க, என் மச்சினி அங்கே மேனேஜர் என்று முதல் பேச்சிலேயே சொன்னாராம். அவர்களுக்கு என்ன வந்தது, சரி என்றார்கள். திங்கட்கிழமை சேர்கிறார். தனியாகத் தொழில் என்று எழுதிய பலகையைக் கழற்றி உள்ளே வைத்திருக்கிறார். அது என் கண்ணில் படும்போதெல்லாம் உன் மேல் கோபம் வருகிறது. வரத்தான் செய்யும். மறைக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாத்தியார் வீட்டம்மா கேட்டதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கயிறு நைந்தது உனக்கு ஜூனில்தான் தெரியும். எனக்கு ஜனவரியிலேயே தெரியும். இவர் சொல்லச் சொல்ல நான், என் புருஷன் எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்த லிஃப்டில் யார் ஏறுவார்கள் என்று ஒருநாள்கூட என் புத்தியில் தோன்றவில்லை. அந்த அம்மா என்னைப் பற்றிக் கேட்டார் என்று எழுதியிருக்கிறாய். நான் இதை எழுதினேன் என்று அவரிடம் சொல்.

இவர் இன்னும் உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. கேட்டால் பேச்சை மாற்றுகிறார். நீ என்னடாவென்றால் என்னிடம் கேட்டு எழுதுகிறாய், அத்தானிடம் சொல், அத்தானிடம் சொல் என்று. இத்தனை வருடமும் உனக்காகவும் நானே பேசினேன், அவருக்காகவும் நானே பேசினேன். அதில்தான் நீங்கள் இரண்டு பேரும் வாயிருந்தும் ஊமையாகிவிட்டீர்கள் போலிருக்கிறது. இனி என்னால் தூது போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வா. அவர் வீட்டில் இருப்பார். சாப்பாட்டைப் போட்டுவிட்டு நான் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். வாயே திறக்க மாட்டேன். யார் முதலில் ஆரம்பிப்பது, எங்கே ஆரம்பிப்பது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வரை மட்டும் இழுத்துவிடாதீர்கள். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியாது.

அக்கா